மூன்று பேரும் சரியாக இருக்க முடியாது என்றால், நான் நம்புவது என்ன ஆகும்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பாலக்கோடு பக்கம் ஊர், ஓசூரில் வேலை, ஓர் அறையில் மூன்று பேர். ஒருவர் ஷிப்ட் எப்படி மாறினாலும் தொழுகையை விடாதவர். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருந்ததில்லை. நீங்கள் குலதெய்வத்தையும் முருகனையும் கும்பிட்டு வளர்ந்தவர். அவர்கள் இருவரும் உங்களைவிட அறிவில் குறைந்தவர்கள் இல்லை, பொய் பேசுகிறவர்களும் இல்லை. ஆனால் மூவரும் நம்புவது மூன்று விதம். "அவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் நானும் அதைத்தானே இதே உறுதியோடு நம்பியிருப்பேன்? அப்புறம் என் நம்பிக்கைக்கு என்ன மதிப்பு?" என்று கேட்கிறீர்கள். கடைசியாக, ஆடிப்பெருக்குக்கு அம்மா ஒகேனக்கல் கூப்பிடுகிறார், போனால் பொய்யாகிவிடுமோ என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வெளியூர்க் கல்லூரி ஒன்றில் 27 வருஷம் தத்துவம் நடத்திவிட்டு இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து நின்ற பிள்ளைகள் நிறையப் பேர். இதில் எது உறுதி, எது என் கணிப்பு என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

உறுதியானது ஒன்று: ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கூற்றுகள் ஒரே பொருளில் இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இயேசு சிலுவையில் இறந்தார் என்பது கிறித்தவத்தின் அடித்தளம். அவரை அவர்கள் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்று குர்ஆனின் நாலாவது அத்தியாயம் சொல்கிறது. உயிர் மறுபடி மறுபடி பிறக்கிறது என்பது ஒரு பக்கம், ஒரே வாழ்வு பிறகு தீர்ப்பு என்பது இன்னொரு பக்கம். இந்த இடங்களில் யாரோ ஒருவராவது தவறு. மரியாதைக்காக இதை மழுப்பினால், உங்கள் நண்பர்கள் இருவரும் உயிராக மதிப்பதை நாம் காதில் வாங்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கருத்து வேறுபாடு என்று நாம் நினைப்பது உண்மையிலேயே வேறுபாடுதானா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் வேடியப்பன் கோயில்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பல இடங்களில் உள்ளே இருப்பது ஒரு நடுகல். ஒருமுறை மாணவர்களோடு அரூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கல்வெட்டு படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் கூட வந்திருந்தார். வேப்பமரத்தடியில் இடுப்பளவு உயரக் கல், எண்ணெய் ஏறி ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்தது, மேலே மஞ்சள், குங்குமம். பூசை செய்யும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஈரத் துணியால் ஓர் ஓரத்தை மட்டும் மெதுவாகத் துடைத்தார். வாளும் வில்லும் ஏந்திய ஒரு வீரன் தெரிந்தான், மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் நாலு வரி. விரலை எழுத்தின் மேல் வைக்காமல் காற்றிலேயே நகர்த்தி நகர்த்திப் படித்தார். 'தொறு' என்ற சொல் வந்தது, 'பட்டான்' வந்தது. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். மந்தையை மீட்கும் சண்டையில் செத்துப்போன ஒருவனுக்கு எடுத்த கல்.

என் மாணவன் ஒருவன் என் காதருகில், "பாவம் மேடம், இந்தம்மா இது சாமி இல்லைன்னு தெரிஞ்சா என்ன ஆவாங்க" என்றான். அந்த அம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "மாட்டைக் காப்பாத்தப் போயி உசுரை விட்டாரா? அதனாலதான் சாமி ஆனாரு" என்றார். படித்தவர் சொன்னதும் அவர் நம்புவதும் மோதும் என்று நினைத்தவன் என் மாணவன் மட்டும்தான். ஒன்று அந்தக் கல் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில், மற்றது அந்தக் கல்லுக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில். உங்கள் அறையில் நடக்கும் வாக்குவாதங்களில் எத்தனை இந்த வகை என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். நண்பர் நோன்பு இருக்கிறார், நீங்கள் கிருத்திகை இருக்கிறீர்கள். இதில் யாருடையது பொய் என்ற கேள்விக்கே இடமில்லை.

சரி, இப்படிப் பிரித்துப் பார்த்தாலும் மிச்சம் கிடக்கும். சிலுவையும் மறுபிறப்பும் அந்த மிச்சத்தில்தான் வரும். இந்த இடத்தில் நம் ஊரில் எல்லாரும் எடுத்து வீசும் பதில், "எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகிறது" என்பது. பக்கத்து வீட்டோடு சண்டையில்லாமல் வாழ இது நல்ல சொல். உங்கள் கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம், ஏனென்றால் சமயங்கள் தங்கள் கடலைப் பற்றித் தாங்களே சொல்வது ஒத்துப்போகவில்லை. அத்வைதத்தில் கடைசியில் இரண்டு என்பதே இல்லை. சைவ சித்தாந்தத்தில் உயிர் சிவத்தோடு ஒன்றினாலும் சிவமாகவே ஆகிவிடுவதில்லை. சமணத்தில் உலகைப் படைத்த கடவுளே கிடையாது, உயிர் தன் வினையைத் தானே கழித்து மேலேற வேண்டும். பௌத்தத்தில் நிலையான உயிர் என்பதையே ஏற்பதில்லை. இவை எல்லாம் ஒரே கடல் என்று சொல்ல வேண்டுமானால், இவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும்.

யானை பார்த்த குருடர் கதையிலும் இதே சிக்கல். பழைய பாலி மொழிப் பௌத்த நூலான உதானத்திலேயே இந்தக் கதை இருக்கிறது. காலைத் தொட்டவன் தூண் என்கிறான், காதைத் தொட்டவன் முறம் என்கிறான். அது யானை என்று சொல்வது யார்? கண் தெரிந்த அரசன். கதை சொல்கிறவர் எப்போதும் தன்னை அரசனின் இடத்தில் வைத்துக்கொள்கிறார். எல்லாச் சமயமும் ஒரே மெய்ம்மைக்கு மனிதர் தரும் வெவ்வேறு எதிர்வினைகள் என்று 1989ல் ஜான் ஹிக் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் மிகக் கவனமாக வாதாடினார். அந்த நூலை மதித்துப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அதுவும் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கட்சிதான். கட்சிகளுக்கு மேலே நிற்கும் தீர்ப்பு இல்லை.

இப்போது கேள்வியின் கடினமான பகுதி. எனக்கு ஈடான அறிவும் நேர்மையும் உள்ள ஒருவர் என்னோடு முரண்பட்டால், என் உறுதியை நான் குறைத்துக்கொள்ள வேண்டுமா? இதற்குத் தத்துவத்தில் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஓட்டல் பில். 2007ல் அமெரிக்க அறிஞர் டேவிட் கிறிஸ்டென்சன் எழுதியது: நண்பர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், ஆளுக்கு எவ்வளவு என்று இருவர் மனக்கணக்குப் போடுகிறார்கள், ஒருவருக்கு 43 டாலர் வருகிறது, மற்றவருக்கு 45. இருவரும் கணக்கில் சமமான கெட்டிக்காரர்கள். அப்போது 'நான்தான் சரி' என்று பிடிவாதம் பிடிக்க யாருக்கும் நியாயம் இல்லை, இருவருமே தங்கள் விடையின் மேல் உள்ள உறுதியைத் தளர்த்த வேண்டும் என்கிறார். பெரும்பாலோர் இதை ஒப்புக்கொள்வார்கள். நானும்தான்.

ஆனால் எனக்கு இந்த விஷயம் மனதில் தைத்தது எங்கள் மாந்தோப்பில்தான். நாலு ஏக்கர், பெங்களூராவும் கொஞ்சம் செந்தூராவும். தோப்பைக் குத்தகைக்குப் பேசும் முன்னால், பிஞ்சு பிடித்திருக்கும்போதே இந்த வருஷக் காப்பு எவ்வளவு என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். பெரியப்பாவும் மாமாவும் வரிசை வரிசையாக நடப்பார்கள், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். தோப்பு முடியும்வரை ஒருவர் நினைப்பதை மற்றவரிடம் சொல்லமாட்டார்கள், அது ஒரு ஒழுங்கு. ஒரு வருஷம் வரப்புக்கு வந்ததும் பெரியப்பா 18 டன் என்றார், மாமா 12 என்றார். இருவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். சின்னப் பெண்ணான எனக்கு, நடுவில் 15 என்று முடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வெயிலில் திரும்பவும் முதல் வரிசையிலிருந்து நடந்தார்கள், இந்தத் தடவை ஒன்றாக, பேசிக்கொண்டே. கிழக்கு மூலையில் ஏழெட்டு மரத்தில் தத்துப்பூச்சி விழுந்து பிஞ்சுக் காம்பெல்லாம் கறுத்திருந்ததைப் பெரியப்பா கவனிக்கவில்லை. கிணற்று மேட்டு மரங்களில் உள்கிளைக்குள் மறைந்திருந்த காயை மாமா எண்ணவில்லை. அறுவடையில் எடை மேடையில் ஏற்றியபோது 14 டன்னுக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

கருத்து வேறுபாடு என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நேர்மையான காட்சி இதுதான். இரண்டு பேரும் உறுதியைத் தளர்த்தினார்கள், ஆனால் கணக்கையே கைவிடவில்லை. 'இரண்டு அனுபவசாலிகளே ஒத்துப்போகவில்லை, ஆகவே இந்தத் தோப்பில் காயே இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. சமயங்கள் முரண்படுவதால் எல்லாமே பொய் என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். முரண்பாட்டிலிருந்து 'எல்லாரும் சரியாக இருக்க முடியாது' என்பதுதான் கிடைக்கும், 'எல்லாரும் தவறு' என்பது கிடைக்காது. இதுவும் உறுதியான பக்கத்தில் சேரும்.

தோப்புக்கும் சமயத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதை நான் மறைக்கக் கூடாது. தோப்புக்கு எடை மேடை உண்டு. பெரியப்பாவும் மாமாவும் ஈடானவர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? முப்பது அறுவடையில் இருவர் கணக்கும் எவ்வளவு பொருந்தி வந்தது என்று பார்த்திருக்கிறோம். மறுபிறப்பு விஷயத்தில் யார் கணக்கு இதுவரை எத்தனை முறை சரியாக வந்தது என்று ஏற்றிப் பார்க்க இங்கே மேடை இல்லை. இதை வைத்து ஒரு சாரார், 'அப்படியானால் அவர் எனக்கு ஈடு என்பதே நிரூபணமாகவில்லை, நான் ஏன் தளர வேண்டும்' என்பார்கள். சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் முக்கியம், எதிராளி ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் போதாது என்று 2005ல் தாமஸ் கெல்லி என்ற தத்துவ அறிஞர் வாதாடியதும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான். மறுசாரார், 'மேடையே இல்லாத இடத்தில் நீ இவ்வளவு உறுதியோடு பேசியதே தவறு' என்பார்கள். அறிஞர்களிடையே இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இனி நான் சொல்வது என் கணிப்பு: சர்ச்சைக்குரிய கோட்பாட்டில் நம் உறுதி குறையத்தான் வேண்டும், முக்கியமாக 'மற்றவன் கண்ணிருந்தும் பார்க்காதவன்' என்ற உறுதி. ஆனால் குறைவது வேறு, போய்விடுவது வேறு. எவ்வளவு குறையும் என்பது நீங்கள் எதை வைத்து நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அங்கேதான் பிறப்புக் கேள்வி வருகிறது. அவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் அதை நம்பியிருப்பேன் என்பது பெரும்பாலும் உண்மைதான். இதைக் கேட்டு நிறையப் பேர் உடைந்துபோகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் மாவட்டத்தில் பெண் சிசுக்கொலை நடந்தது நேற்றைய கதை. 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. நூறு வருஷம் முன்னால் வேறொரு வீட்டில் பிறந்திருந்தால், 'இது பெண்ணைப் பெற்றவர்கள் தலையெழுத்து' என்று நானும் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். அப்படி நினைத்துப் பார்க்கவே வயிறு கலங்குகிறது. ஆனால் அதனால், அது கொலை என்று இன்று நான் உறுதியாகச் சொல்வது வெறும் பிறப்பு விபத்து ஆகிவிடுமா? ஆகாது. அந்த எண்ணம் எனக்கு எந்தக் காலத்தில், யார் வாயிலாக வந்திருந்தாலும், இப்போது அதைத் தாங்கி நிற்கும் காரணங்கள் என்னிடம் இருக்கின்றன. ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது அது உண்மையா என்பதற்குத் தீர்ப்பு இல்லை.

அதே சமயம் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் நம்பிக்கைக்கு ஆதாரம் 'எங்கள் வீட்டில் சொன்னார்கள்' என்பது மட்டும்தான் என்றால், அதே ஆதாரம் நண்பர்கள் இருவரிடமும் அதே எடையோடு இருக்கிறது. மூன்று விதமான முடிவைக் கொடுக்கும் வழியை அப்படியே நம்ப முடியாது. அந்த இடத்தில் கருத்து வேறுபாடு பலமாகத்தான் அடிக்கும், அடிக்கவும் வேண்டும். 1748ல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் எழுதியதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: எதிரெதிர்ச் சமயங்களின் அற்புதங்கள், எதிரெதிர்ச் சாட்சிகள்போல ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்றார். ஓர் அற்புதம் தன் சமயம் முழுவதையும் நிரூபிக்க, மற்றவை முழுவதையும் பொய்யாக்க என்று முன்வைக்கப்பட்டால் அந்த வாதம் செல்லும். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று மாரியம்மனுக்கும் வேண்டிக்கொண்டு, தர்காவுக்கும் போய் மந்திரித்துத் தாயத்துக் கட்டிவரும் கிருஷ்ணகிரித் தாய்மார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வழக்குப் போடப் போகவில்லை, அதனால் ஹியூமின் தராசில் அவர்கள் ஏறுவதே இல்லை.

இன்னொன்று. எதையும் நம்பாமல் விட்டுவிட்டால் இந்தத் தகராறிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்று தோன்றும். வர முடியாது. கடவுள் இல்லை என்பதும் அறிவாளிகள் மறுக்கும் ஒரு நிலைதான், அதற்கும் பிறந்த வீடும் வளர்ந்த சூழலும் உண்டு. தீர்ப்பை ஒத்திவைத்துச் சும்மா இருப்பது மட்டும்தான் ஓரளவு வெளியே நிற்பது. அது நேர்மையான இடம்தான், நானே அங்கே சில வருஷம் இருந்திருக்கிறேன். முதுகலை படிக்கும்போது விடுதி அறையில் இருந்த சாமி படத்தைத் திருப்பி வைத்தேன். வீம்புக்கு இல்லை, அதைப் பார்த்துக்கொண்டு கும்பிட என்னால் முடியவில்லை. பிறகு திரும்பி வந்ததும் ஒரு வாதத்தில் தோற்றதால் இல்லை. வருஷக்கணக்காகப் படித்து, வாதாடி, அப்பாவின் கடைசி மாதங்களில் அவரோடு இருந்து, மெதுவாகத்தான் வந்தேன். போனபோது இருந்த நம்பிக்கையும் வந்தபோது இருந்ததும் ஒன்றில்லை. பழையதில் உறுதி அதிகம், எனக்கென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தது குறைவு.

தமிழில் இந்தக் கேள்வி புதிது இல்லை என்பதையும் உங்களுக்குச் சொல்ல ஆசை. மணிமேகலையில் 27ஆவது காதை முழுக்க இதுதான். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயக்காரராகப் போய் 'உங்கள் பொருள் என்ன' என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், கடைசியில் பூதவாதி. இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் சரியாகப் பதில் சொல்லமாட்டார்கள் என்பதால் தவசி வேடத்தில் போகிறாள். அந்த இடம் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கண்ணால் காண்பது மட்டுமே உண்மை என்று பூதவாதி சொல்லும்போது, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்களே என்று அவள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் போகவில்லை, எல்லாம் ஒன்றே என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து கேட்டாள், எது தாங்கும் எது தாங்காது என்று பார்த்தாள், அப்புறம் தன் முடிவுக்குப் போனாள். அவள் போன பௌத்தம் உங்கள் வழியாக இருக்க வேண்டியதில்லை. கேட்ட விதத்தைப் பாருங்கள். பிற்காலத்தில் சைவ சித்தாந்திகள் பரபக்கம் என்று ஒரு பகுதியையே ஒதுக்கி, மற்றவர் கொள்கையை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுத்தார்கள். நண்பர் நம்புவதை, அவரே 'ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்' என்று தலையாட்டும்படி உங்களால் சொல்ல முடிகிறதா என்று ஒருநாள் முயன்று பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அதில்தான் என் சொந்த ஓட்டைகள் தெரிந்தன.

இனி ஒகேனக்கல். பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றில் முழுகுவது, 'மற்ற சமயங்கள் பொய்' என்று கையெழுத்துப் போடுவது இல்லை. மறுபிறப்பு பற்றி முடிவு கண்டவர்கள் மட்டும்தான் காவிரியில் இறங்க வேண்டும் என்று யாரும் வரம்பு வைக்கவில்லை. தண்ணீருக்கு நன்றி சொல்வதில் உங்களுக்கு மனத்தடை இல்லை என்றால் தாராளமாகப் போங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. அம்மா நேருக்கு நேராக, 'உனக்குச் சாமி மேல நம்பிக்கை இருக்கா இல்லையா' என்று கேட்டால் மட்டும் பூசி மெழுகாதீர்கள். 'யோசிச்சுக்கிட்டு இருக்கேன்மா' என்பது முழு உண்மை, அதைச் சொல்லலாம். அதைக் கேட்டு அவர் என்ன சொல்வார் என்பதில் தத்துவம் படித்தவளாக எனக்கு எந்தக் கூடுதல் அறிவும் இல்லை, உங்கள் அம்மாவை அறிந்தவர் நீங்கள். நண்பர்கள் இருவரும் வர விரும்பினால் கூட்டிப்போங்கள். பஸ்ஸில் பேச நிறைய நேரம் கிடைக்கும். 27ஆவது காதையை உரையோடு படித்துவிட்டு எங்காவது தடுக்கினால் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.